வெளிப்பக்கம் மடித்த இலை

முப்பத்திரண்டு வயதில் நான் பணி ஓய்வு பெற்றேன். சிரிக்காதீர்கள், கேக் வெட்டிய படம் இருக்கிறது.

மலேசியாவில், கிள்ளானில் ஓர் அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒப்பந்த மருத்துவராக இருந்தேன். என் ஒப்பந்தம் முடிந்த அதே வாரத்தில் எங்கள் ஓட்டுநரும் உண்மையாகவே ஓய்வு பெற்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேக் சொல்லிவிட்டார்கள். அதன்மேல் மலாயில் ‘இனிய பணி ஓய்வு’ என்று எழுதியிருந்தது. அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம், எனக்கும் ஒரு சுவர்க்கடிகாரம். “இனிமேல் பேரப்பிள்ளைகளோடு நேரம் செலவழியுங்கள்” என்று பேசியவர் இரண்டு பேரையும் பார்த்தே சொன்னார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அதனால்தான் பல் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள், “அக்கா, நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே, எங்க ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை எழுதிக் குடுங்க” என்று கேட்டபோது மறுக்க வாயில்லை. கேட்டவர்களில் ஒருத்தி இன்னொன்றும் கேட்டாள். அவர்கள் கல்லூரியில் இப்போது பல் அளவை ஸ்கேனரில்தான் எடுக்கிறார்களாம். பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டு இரண்டு சுற்று சுற்றினால் கணினியில் முப்பரிமாணப் பல் வந்து நிற்கிறதாம். “அந்தப் பிங்க் மாவெல்லாம் நீங்க நிஜமாவே கலக்குனீங்களா அக்கா?”

கலக்கினேன் தங்கச்சி. தோசை மாவு கலக்கியதைவிட அதிகமாகக் கலக்கியிருக்கிறேன்.

படித்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் மெழுகில் பல் செதுக்கினோம். மூன்றாம் வருடம் ஒருவர் வாயை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டோம். கடைசி இரண்டு வருடம் சொந்தக்காரர்களை நோயாளியாக வரச்சொல்லிக் கெஞ்சினோம். என் மாமா ஒருவர் மூன்று நிரப்பலுக்கு மூன்று பிரியாணி வாங்கிக்கொண்டார். பட்டம் கிடைத்தது.

அரசாங்கப் பணியில் சேர்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பல் வலிக்குப் புத்தகத்தில் பத்து வைத்தியம் உண்டு. கிள்ளானில் இரண்டுதான்: நாலு நாள் லீவு வைத்தியம், ஒரு நாள் லீவு வைத்தியம். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் நாலு முறை வரவேண்டும். பிடுங்கினால் ஒரே முறை. அதிலும் பிடுங்கினால் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்கும், சம்பளத்தோடு வீட்டில் படுக்கலாம். நிரப்பினால் வந்துபோன நேரத்தைக் குறித்த வெறும் டைம் சிலிப்தான், திரும்ப வேலைக்கு ஓட வேண்டும். தினக்கூலிக்காரருக்கு இரண்டுமே கிடையாது. வராத நாள், சம்பளமில்லாத நாள். ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் மாறி வரும் ஒருவரிடம் “இந்தப் பல்லைக் காப்பாத்தலாம் அங்கிள்” என்று நான் உற்சாகமாகச் சொன்னால், அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, “நீ பிடுங்கும்மா, நான் வேலைக்குப் போவணும்” என்பார். என் உற்சாகத்தைத்தான் முதலில் பிடுங்குவார்கள். பிறகு பல்லை.

பணக்காரத் தோற்றத்துக்கும் ஆசை குறைவில்லை. ஒருமுறை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பளபளவென்று கம்பி போட்டுக்கொண்டு வந்தார். கம்பியில் பச்சை, மஞ்சள் ரப்பர். யாரோ ஒரு அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பசையால் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பல்லை நேராக்க அல்ல, பல்லுக்குக் கம்பி போடும் வசதி உள்ளவர் என்று காட்ட. ஈறு வீங்கிப்போயிருந்தது. கழற்றலாம் என்றேன். “டாக்டர், பொண்ணு வீட்டுல வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்புறம் கழட்டுங்க” என்று கும்பிட்டார். பெண் வீட்டார் வந்து போனார்கள். அந்தப் பெண்ணும் அதே வீட்டில் ஒட்டிய அதே கம்பி போட்டிருந்தாளாம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கழற்றினேன்.

இனி என் மேலதிகாரிக்கு வருகிறேன். டாக்டர் பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். தாத்தா, அப்பா எல்லாரும் அரசாங்க உத்தியோகம். அந்த ஒழுங்கு அவர் முதுகெலும்பில் இருந்தது. கிளினிக்கில் யாரும் அவரை ஓடிப் பார்த்ததில்லை, சாய்ந்து உட்கார்ந்தும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் வாயின் கணக்கில்தான் பார்ப்பார். வாயை மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது என்று நாலாகப் பிரித்துப் பரிசோதிப்பது எங்கள் தொழில் வழக்கம். டாக்டர் பரமேஸ்வரி கார் நிறுத்துமிடத்தையும் அப்படித்தான் சொல்வார். “பிள்ளை, உம்மட கார் கீழ் இடதிலை குறுக்க நிக்குது.”

பல் செட்டை இறுதியாகச் செய்வதற்கு முன் மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்போம். மற்ற மருத்துவர்கள் கண்ணாடியைக் காட்டி “ஓகேவா?” என்று கேட்டு முடிப்பார்கள். டாக்டர் பரமேஸ்வரி நாற்காலியைத் திருப்பி, நோயாளிக்கு எதிரே கை கட்டி நின்று, “இப்ப உங்கட வேலையைச் சொல்லுங்கோ” என்பார். பஸ் ஓட்டுநர் என்றால் நிறுத்தங்களின் பெயரைக் கூவிக் காட்ட வேண்டும். ஆசிரியர் என்றால் இரண்டாம் வகுப்பை அதட்டிக் காட்ட வேண்டும். ஒரு கோயில் குருக்கள் அர்ச்சனையே செய்தார், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பல் எங்கே உதட்டில் இடிக்கிறது, எங்கே காற்று ஒழுகுகிறது என்பது வேலைச் சொற்களில்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

அந்த நாற்காலியில் ஒருநாள் செல்வி அக்கா வந்து உட்கார்ந்தார்.

செல்வி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை. மேல் முன்பற்கள் நாலும் இல்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வலிக்கும் ஒரு நாள் லீவில் போனவை. கடையில் அவருக்கு இடம் பின்கட்டில். சேலை மடிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, பெட்டி தூக்குவது. முன்னால் நிற்பவர்களுக்கு விற்பனையில் பங்கு உண்டு, பின்னால் நிற்பவருக்குக் கிடையாது. முதலாளியம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“‘பல்லு கட்டிட்டு வா செல்வி, தீபாவளிக்கு முன்னுக்கு நிப்பாட்டுறேன். இல்லன்னா வேற பொண்ணு பாத்துக்குறேன்’னு சொல்லிட்டாங்க டாக்டர். இத்தனை வருசமா அவங்க விக்கிறத நான் பின்னால இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். எல்லாம் தப்பு தப்பா விக்கிறாங்க.”

“தனியார் கிளினிக்ல போட்டா சீக்கிரம் கிடைக்குமே அக்கா” என்று நான் அறிவாளித்தனமாகச் சொன்னேன்.

“அங்க போட காசு வேணும். காசு வேணும்னா முன்னுக்கு நிக்கணும். முன்னுக்கு நிக்கணும்னா பல்லு வேணும். நீங்களே சொல்லுங்க டாக்டர், நான் எந்தப் பக்கமா உள்ள நுழையுறது?”

நான் மாவு கலக்கினேன். அதுதான் எனக்குத் தெரிந்தது.

கலக்குவதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஸ்கேனர் தலைமுறைக்கு. ரப்பர் கிண்ணத்தில் மாவு, அளந்த தண்ணீர். கிண்ணத்தின் சுவரில் தேய்த்துத் தேய்த்துக் கலக்க வேண்டும், இல்லையென்றால் குமிழ் வரும். தட்டில் நிரப்பி வாயில் வைத்தால் இறுகும்வரை அசையக்கூடாது. அந்த நேரத்தில் நோயாளிக்கு வாந்தி வரும். மூக்கால் மூச்சு விடச் சொல்லி, வலது கால் பெருவிரலை ஆட்டச் சொல்ல வேண்டும். கவனம் காலுக்குப் போய்விடும். செல்வி அக்கா பெருவிரலை ஆட்டிய வேகத்தில் செருப்பு பறந்து கைகழுவும் தொட்டியில் விழுந்தது. ஆனால் அச்சு சுத்தமாக வந்தது.

எங்களிடம் பல் செட்டுக்கு வரிசை நீளம். பல் செட் செய்யும் கூடத்தில் ஒரே ஒரு தொழில்நுட்பர், மொத்த வட்டாரத்துக்கும். செல்வி அக்காவின் முறை வர மாதங்கள் ஆகின. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, என் ஒப்பந்தமும் முடிந்துகொண்டிருந்தது. மெழுகுப் பல்லை வைத்துப் பார்க்கும் நாளில் டாக்டர் பரமேஸ்வரி எதிரே வந்து கை கட்டி நின்றார்.

“இப்ப உங்கட வேலையைச் சொல்லுங்கோ.”

செல்வி அக்கா தொண்டையைச் செருமினார். “வாங்க வாங்க, சாஃப்ட் சில்க் பாக்குறீங்களா, ஃபேன்சி சேலை பாக்குறீங்களா? ஸ்பெஷல் சேல் போகுது சிஸ்டர்!”

காற்று விசில் அடித்தது. டாக்டர் பரமேஸ்வரி கண்ணை மூடிக் கேட்டார். “சாஃப்ட் சரி. ஃபேன்சியிலை உதடு பல்லைத் தேடுது. பிள்ளை, அரை மில்லிமீட்டர் குறைச்சுவிடும். திரும்பச் சொல்லுங்கோ.”

குறைத்தேன். செல்வி அக்கா திரும்பச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். நாலாவது முறை பக்கத்து அறைத் தாதி எட்டிப் பார்த்து, “கடை எந்த ரோட்டில்?” என்று மலாயில் கேட்டார். “பல்லு சரி” என்றார் டாக்டர் பரமேஸ்வரி.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பல் செட்டைக் கொடுத்தோம். அன்று மூன்று மணிக்குப் பல்லோடு முன்னால் வந்து நிற்கச் சொல்லியிருந்தார் முதலாளியம்மா. தீபாவளிக்கு முந்திய வார இறுதி, கூட்டம் அலைமோதும். செல்வி அக்கா கண்ணாடியில் பார்த்தார், எங்கள் இருவர் கையையும் பிடித்தார், போய்விட்டார். நானும் ஒரு மருத்துவர்தான் என்று அன்று காலை முழுவதும் எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக எங்களுக்கு மதிய இடைவேளை நீளம். கதவைப் பூட்டப்போகும் நேரத்தில் செல்வி அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். வாய் இறுக மூடியிருந்தது. கண்ணில் தண்ணீர். ஒரு விரலால் வாயைக் காட்டினார். திறந்தார். நாலு பல்லும் இல்லை.

“என்ன ஆச்சு அக்கா?”

“வாழையிலைக்குள்ள போயிருச்சு டாக்டர்.”

நடந்தது இதுதான். பல் வந்த சந்தோஷத்தைக் கொண்டாட, சீக்கிரமே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். பல் செட்டின் பிளாஸ்டிக் தட்டு அண்ணத்தை மூடும், முதல் நாளில் சாப்பாட்டின் ருசியே தெரியாது. “நல்ல நாளும் அதுவுமா கீரையும் பருப்பும் ரப்பர் மாதிரி இருந்துச்சு.” கழற்றி, டிஷ்யூ தாளில் சுற்றி, இலையின் மேல் ஓரத்தில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் எல்லாத் தமிழரையும் போல, கை தானாக இலையை மடித்துவிட்டது. எழுந்து கை கழுவக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் நினைவு வந்தது. திரும்பினால் மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

மறுபடி செய்யலாம். மறுபடி அதே வரிசை, அதே மாதங்கள். அதற்குள் தீபாவளி போய்விடும், முன்னால் வேறு பெண் நிற்பாள், நானும் இங்கே இருக்கமாட்டேன். நான் டாக்டர் பரமேஸ்வரியைப் பார்த்தேன். அவர் நிதானமாகக் கைப்பையைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, கையுறை ஒரு பெட்டி எடும். முகக்கவசம். கண் கவசம் மூண்டு. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

வாழையிலைக் கடையின் முதலாளி ஆறுமுகம் அண்ணே கல்லாவில் இருந்தார். முகக்கவசமும் கண் கவசமுமாக மூன்று பெண்கள் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “சுகாதார இலாகாவா? மேடம், கிச்சன் இப்பதான் கழுவினோம்!”

“நாங்கள் பல் டாக்டர்மார். எச்சில் இலை எங்க போடுறனீங்கள்?”

சாகப்போகிறவரின் கடைசி விருப்பத்தைக் கேட்பதுபோல அவர் அதைக் கேட்டுக்கொண்டார். கடைக்குப் பின்னால் இருந்த சந்துப் பக்கம் கை காட்டினார். அங்கே கறுப்புப் பைகள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்தன. வெள்ளிக்கிழமை, பாதி கிள்ளானும் சைவம். “ரெண்டரைக்கு லோரி வந்துரும் மேடம். பந்திங்ல ஒருத்தர் மாட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு.”

பந்திங்கில் ஒரு மாடு நாலு முன்பல்லோடு சிரிக்கும் காட்சி எனக்குத் தெரிந்தது. செல்வி அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சின்னதாக ஒரு சத்தம் போட்டார்.

டாக்டர் பரமேஸ்வரி சந்து முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை நீட்டி நாலாகப் பிரித்தார். “இது மேல் வலது. இது மேல் இடது. வடிகால் பக்கம் கீழ் இடது. பூனை நிக்கிறது கீழ் வலது. ஒவ்வொண்டாத் திறந்து, பாத்து, சொல்லி, மறுபடி மூடுறம். ஒழுங்கு தப்பினால் ஒரு இலையை ரெண்டு தரம் பாப்பம்.”

சமையலறையிலிருந்து இரண்டு இடுக்கிகள் வந்தன. தொடங்கினோம்.

“மேல் வலது, அப்பளம்” என்றேன்.

“மேல் இடது, முருங்கைக்காய். நல்லாச் சப்பியிருக்கு, பல்லு நல்ல மனுசர்” என்றார் டாக்டர் பரமேஸ்வரி.

“கீழ் இடது, பாவக்கா” என்றார் செல்வி அக்கா அழுகையோடு. “தொடவே இல்ல.”

கொஞ்ச நேரத்தில் என் கண் கவசத்தில் மோர் வழிந்தது. கூடை கூடையாய் இன்னும் இலைகள் வந்துகொண்டிருந்தன, உள்ளே ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறுமுகம் அண்ணே இடுப்பில் கை வைத்து நின்று வேடிக்கை பார்த்தார். இப்படிப் போனால் மாலை ஆகும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் பரமேஸ்வரி நிமிர்ந்தார்.

“செல்வி, இலையை எந்தப் பக்கம் மடிச்சனீங்கள்?”

செல்வி அக்கா ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “உள்பக்கம்தான் டாக்டர்.”

இலையைத் தன் பக்கமாக மடித்தால் சாப்பாடு திருப்தி என்று அர்த்தம். வெளிப்பக்கம் தள்ளி மடித்தால் திருப்தியில்லை, அல்லது சாவு வீட்டுச் சாப்பாடு. இது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் உள்பக்கம் என்பது எங்களுக்கு ஒரு துப்பும் இல்லை, அநேகமாக எல்லாரும் உள்பக்கம்தான் மடித்திருந்தார்கள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஆறுமுகம் அண்ணே போனார். அவர் முதுகு மறைந்ததும் செல்வி அக்கா என் காதருகே வந்தார்.

“வெளிப்பக்கம் டாக்டர்.”

“வெளிப்பக்கமோ!” என்றார் டாக்டர் பரமேஸ்வரி. வகுப்பறையில் சரியான விடை கேட்ட குரல். சந்து முழுக்கக் கேட்டது.

ஆறுமுகம் அண்ணே திரும்பி வந்துவிட்டார். “என்னா சொன்னீங்க? என் கடையிலயா? வெளிப்பக்கமா?”

“அண்ணே, அது வந்து…”

“என்னா குறை? சொல்லுங்க அக்கா. கீரை சரியில்லையா? பச்சடியா?”

“ரசம் அண்ணே. ரெண்டு தடவ கேட்டேன். ‘வருது வருது’ன்னுட்டே போனாங்க. கடைசில மோர ஊத்திட்டாங்க.”

“வாயத் தொறந்து சத்தமா கேட்டிருக்கலாம்லா!”

“எப்படிண்ணே தொறக்குறது? பல்லு இலையில இருந்துச்சே.”

ஆறுமுகம் அண்ணே வாயை மூடினார். பிறகு முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, எங்களிடமிருந்து ஒரு கையுறை வாங்கி, வடிகால் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

வெளிப்பக்கம் மடித்த இலையை மட்டும் தேடினால் போதும் என்றானதும் வேலை பறந்தது. ஆனால் புதிய சிக்கல் வந்தது. வெளிப்பக்கம் மடித்தவை ஆறுமுகம் அண்ணே நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து அவர் விசாரணை நடத்தினார்.

“இவன் ஏன் மடிச்சான்? பாருங்க மேடம், பருப்பு வழிச்சு நக்கியிருக்கான்! ஒரு சோறு இல்ல! இவனுக்கு என்னா திருப்தியில்ல?”

“அண்ணே, பல்லு இருக்கா பாருங்க.”

“பல்லு இல்ல. மனசாட்சியும் இல்ல. இது யாரு? மூணாவது மேசை இன்ஸ்பெக்டரா இருக்கும். தினமும் வந்து ரெண்டு பாயாசம் குடிப்பான்…”

லோரி வந்தது. இறங்கிய மாட்டுக்காரர் சந்தில் கவசங்களோடு குந்தியிருந்த எங்களைப் பார்த்து, மறுபடி லோரியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரிடம் விவரம் சொன்னதும், “பல்லு போனா போவட்டும், கம்பி இருந்தா என் மாட்டுக்கு ஆகாது” என்று கவலையோடு அவரும் இறங்கித் தேடினார்.

டாக்டர் பரமேஸ்வரிதான் கண்டுபிடித்தார். கூவவில்லை, குதிக்கவில்லை. இடுக்கியால் ஒரு டிஷ்யூ உருண்டையைத் தூக்கி, இரண்டு சுற்றுப் பிரித்தார்.

“மேல் முன்பல் நாலு. மாங்காய் ஊறுகாய் கொஞ்சம். உடைவு இல்லை.”

செல்வி அக்கா அந்தச் சந்திலேயே உட்கார்ந்து அழுதார். ஆறுமுகம் அண்ணே உள்ளே ஓடி, ஒரு பெரிய டம்ளர் நிறைய ரசத்தோடு வந்தார். “மொதல்ல இதக் குடிங்க.” அவர் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. “எப்படி?” என்று கேட்டார். நல்லா இருக்கு என்று செல்வி அக்கா தலையாட்டிய பிறகுதான் வழிவிட்டார்.

கிளினிக்குக்கு ஓடினோம். சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். செட்டைப் பல்லோடு பிடித்து நிறுத்தும் ஒரு பக்கக் கம்பி லேசாக வளைந்திருந்தது, குறடால் நிமிர்த்தினேன். செல்வி அக்காவின் வாயில் வைத்தேன். “ஃபேன்சி” என்றார். “போங்கோ” என்றார் டாக்டர் பரமேஸ்வரி. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் செல்வி அக்கா தெருவில் ஓடுவதை ஜன்னலில் பார்த்தேன்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஐந்து மணிக்கு டாக்டர் பரமேஸ்வரி கைப்பையோடு என் அறை வாசலில் நின்றார். “வாரும், ரிவியூ பாப்பம்.”

“ரிவியூ அடுத்த வாரம்தானே டாக்டர்?”

“வாய்க்கு அடுத்த வாரம். வேலைக்கு இண்டைக்கு.”

சேலைக் கடையில் சரியான கூட்டம். முன்கவுண்டரில் செல்வி அக்கா நின்றார். அவர் முன்னால் மட்டும் யாருமில்லை. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். ஒரு அம்மாள் வந்து ஏதோ கேட்டார். செல்வி அக்காவின் இடது கை எழுந்து வாயை மூடிக்கொண்டது. மூடிய கைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை, அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவரிடமும் அதே கை, அதே வாய்.

மாதக்கணக்கில் இவரைப் பார்த்திருக்கிறேன், எப்போதும் வாய் திறந்த நிலையில்தான். நாற்காலிக்கு வெளியே அந்த வாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கைக்குப் பல் வந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கல்லாவில் முதலாளியம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது காதில் விழுந்தது. “பல்லு வந்து என்னா புண்ணியம்? வாயில கைய வச்சிட்டு நிக்குது. நாளைக்கு நீ முன்னுக்கு வந்துரு, அவ மடிக்கட்டும்.”

நான் உள்ளே பாய்ந்து “கையை எடுங்க அக்கா” என்று சொல்லப்போனேன். டாக்டர் பரமேஸ்வரி என் முழங்கையைப் பிடித்தார். நேராகக் கவுண்டருக்கு நடந்தார்.

“அந்த மேல் தட்டில இருக்கிற நீலச் சேலை. எடுங்கோ.”

செல்வி அக்கா ஏணியில் ஏறினார். ஏணிக்கு ஒரு கை, சேலைக்கு ஒரு கை. இறங்கி வைத்தார். கை மறுபடி வாய்க்குக் கிளம்பியது.

“விரிச்சுக் காட்டுங்கோ. முழுசா. முந்தானை தெரிய வேணும்.”

ஆறு கஜச் சேலையை ஒரு கையால் விரிக்க முடியாது. இரண்டு கையும் அகல விரிந்தன. “அதுக்குப் பக்கத்தில மாம்பழ நிறம். அதையும். ரெண்டையும் சேத்துப் பிடியுங்கோ, வெளிச்சத்தில பாப்பம்.” வலது கையில் நீலம், இடது கையில் மாம்பழம். மூடுவதற்குக் கை மிச்சமில்லை.

“இதில எது நல்லது? சொல்லுங்கோ.”

செல்வி அக்கா ஒரு நொடி தவித்தார். பிறகு இத்தனை வருடம் பின்கட்டில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

“மாம்பழம் உங்களுக்கு வேணாம் டாக்டர், உங்க நிறத்த அது சாப்பிட்டுரும். நீலத்தப் பாருங்க, சாஃப்ட் சில்க், கட்டினா தோள்ல நிக்கும், நழுவாது. கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போனீங்க, கேமராக்காரன் பொண்ண விட்டுட்டு உங்க பின்னாலதான் வருவான்!”

நாலு பல்லும் தெரியச் சிரித்தார். பக்கத்துக் கவுண்டருக்குப் போன அம்மாள் திரும்பி வந்தார். “எனக்கு ஒரு பச்சை காட்டுங்க.” அவருக்குப் பின்னால் இன்னொருவர். செல்வி அக்காவின் கைகள் விரித்த சேலையிலிருந்து மடித்த சேலைக்கு, மடித்ததிலிருந்து அடுத்ததுக்குப் பறந்தன. கல்லாவில் முதலாளியம்மா எழுந்து நின்று பார்த்தார். பக்கத்துப் பெண்ணிடம், “நீ போய்ப் பின்னுக்குப் பெட்டியப் பிரி” என்றார்.

டாக்டர் பரமேஸ்வரி நழுவத் தயாரானார். அவர் சேலை வாங்க வரவே இல்லை. ஆனால் செல்வி அக்கா விடவில்லை.

“டாக்டர், எங்க போறீங்க? நீலத்துக்கு மேட்சா ரவிக்கை துணி எடுக்காம? இவங்களும் வந்திருக்காங்க, சின்ன டாக்டர், கல்யாண வயசு, இதப் பாருங்க, ஃபேன்சி…”

கொமுட்டர் ரயில் நிலையத்துக்கு நாங்கள் நடந்தபோது ஆளுக்கு மூன்று பை. எங்கள் மேல் இன்னும் ரச வாடை. டாக்டர் பரமேஸ்வரி பாதி வழியில் நின்றார்.

“என்ன பிள்ளை, இவவுக்குப் பல்லுக் குடுத்தது நாங்கள்தானே?”

“ஆமா டாக்டர்.”

பைகளைக் கை மாற்றிக்கொண்டார்.

“ரெண்டு குறைச்சுக் குடுத்திருக்கலாம்.”